பால் நேரம், தூக்க நேரம், வேலை நேரம்

(பெங்களூருவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்பின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்த தோழர் ஒருவர், "காலையில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பிற்பகலில் கைக்குழந்தைக்குப் பாலூட்டுவதும் உறங்கவைப்பதுமா?" என்று கேட்டார். அவர் கேள்வியில் ஏளனம் இல்லை, வியப்புத்தான் இருந்தது. அந்த வியப்புக்கு விடை சொல்வதே இவ்வுரையின் நோக்கம். காலையில் நாம் வேலை நேரத்தைப் பற்றிப் பேசினோம். இப்போதும் வேலை நேரத்தைப் பற்றியே பேசப் போகிறோம்.

உங்கள் கிளையின் கூட்டக் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். திருமணத்திற்குப் பின்னும் தவறாமல் வந்துகொண்டிருந்த பெண் தோழர், முதல் குழந்தை பிறந்த பிறகு எத்தனை கூட்டங்களுக்கு வந்திருக்கிறார்? அதே ஆண்டில் தந்தையான ஆண் தோழரின் வருகையில் அப்படி ஓர் இடைவெளி விழுந்திருக்கிறதா? ஈராண்டு கழித்து அப்பெண் தோழரின் உறுப்பினர் பதிவு புதுப்பிக்கப்படாமல் போகும்போது, "குடும்பச் சூழல்" என்ற இரண்டு சொற்களை எழுதி நாம் கோப்பை மூடிவிடுகிறோம். அந்த இரண்டு சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் இன்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மார்க்சின் "மூலதனம்" முதல் தொகுதியில், இயந்திரத் தொழிலைப் பற்றிய அத்தியாயத்தில், ஓர் அடிக்குறிப்பு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி வரத்து நின்று, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் முடங்கின. தொழிலாளரின் உடல்நிலையை ஆராய எட்வர்ட் ஸ்மித் என்ற மருத்துவரை அரசு அங்கே அனுப்பியது. வேலையும் கூலியும் இல்லாத அந்தக் கொடுங்காலத்திலும் ஒரு நன்மை விளைந்திருப்பதாக அவர் தெரிவித்தார்: தாய்மார்களுக்குத் தங்கள் குழந்தைகளுக்குப் பாலூட்ட நேரம் கிடைத்தது. அதற்கு முன் அக்குழந்தைகளுக்குக் கிடைத்தது "காட்ஃப்ரே கார்டியல்" என்னும் அபின் கலந்த திரவம். தாய் ஆலையில் நிற்கும் பன்னிரண்டு மணி நேரமும் குழந்தை அழாமல் கிடக்க வேண்டும், அதற்காகவே அம்மருந்து. ஆலை மூடினால்தான் குழந்தைக்குப் பால் கிடைக்கும் என்ற இந்த நிலையை மார்க்ஸ் கசப்போடு எடுத்துக்காட்டுகிறார்.

அது இங்கிலாந்தின் கதை மட்டுமன்று. 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள், தங்கள் கைக்குழந்தைகளுக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டு வேலைக்குச் சென்றார்கள். "பால கோலி" என்ற பெயரில் அது கடைகளில் விற்றது. அன்றைய அரசு விசாரணைகளிலேயே இது பதிவாகியிருக்கிறது. அந்தத் தாய்மார்கள் அறியாமையால் அப்படிச் செய்தார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. உருண்டை கொடுக்காவிட்டால் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை அந்தத் தாய்மார்கள் நன்கு அறிந்தே இருந்தார்கள்.

குழந்தையின் பசியும் குழந்தையின் உறக்கமும் தனித்தனிச் சிக்கல்கள் அல்ல என்பதை இந்த இரண்டு சான்றுகளும் காட்டுகின்றன. பாலூட்ட நேரமில்லாத இடத்தில் உறக்கத்தை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. தாயின் நேரம் யார் கையில் இருக்கிறதோ, அவரே குழந்தையின் பாலையும் உறக்கத்தையும் தீர்மானிக்கிறார்.

குழந்தைக்கு வேண்டியது என்ன என்பதை இனிப் பார்ப்போம். இதை ஆண் தோழர்கள் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் சேர்க்க வேண்டும். முதல் நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி வெளியே விடக் கூடாது. நோய்க்கு எதிரான முதல் காப்பு அதுவே. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். கோடைக்காலத்திலும் தண்ணீர் வேண்டாம். ஆறு மாதம் நிறைந்ததும் மசித்த வீட்டு உணவைத் தொடங்கி, அதனுடன் இரண்டு வயது வரையிலும் அதற்கு அப்பாலும் பால் கொடுக்கலாம்.

பச்சிளம் குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதன் வயிறு சிறியது. தாய்ப்பால் விரைவில் செரிக்கும். ஆகவே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அது விழிப்பது இயல்பு. இருபத்து நான்கு மணி நேரத்தில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் உறங்கும் குழந்தையும், அந்த உறக்கத்தைத் துண்டு துண்டாகவே உறங்கும். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு அதன் உடலுக்குப் பிடிபடவே சில மாதங்கள் ஆகும். பால் சுரக்கச் செய்யும் இயக்குநீர் இரவில்தான் கூடுதலாகச் சுரக்கிறது. இரவுப் பாலை நிறுத்தினால் பகல் பாலும் குறையத் தொடங்கும். "பிள்ளை இரவெல்லாம் விழிக்கிறதே, உனக்குப் பால் போதவில்லை போலிருக்கிறது" என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் சொல், பெரும்பாலான வீடுகளில் பொருளற்றது. முதல் வாரம் கழிந்தபின் குழந்தை நாள்தோறும் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால் பால் போதுகிறது என்றே பொருள். அவ்வாறு இல்லையெனில் செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள்.

உறங்கவைக்கும்போது குழந்தையை மல்லாந்த நிலையில் படுக்கவையுங்கள். தலையணையும் கனத்த போர்வையும் வேண்டாம். தூளியில் இட்டால் முகம் துணியில் புதையாமலும், தாடை மார்போடு மடங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். குடித்திருப்பவரும் புகைபிடிப்பவரும் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது. உறக்கத்துக்காகச் சளி மருந்து கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையைப் புட்டிகளில் அச்சிடுமாறு 2023 டிசம்பரில் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. அபின் உருண்டை போய்விட்டது. உருண்டை தேவைப்பட்ட சூழல் போய்விடவில்லை.

இவையெல்லாம் மருத்துவமனைச் சுவர்களில் எழுதப்பட்டிருப்பவைதாம். எழுதியும் நிலைமை ஏன் மாறவில்லை? தேசியக் குடும்ப நல ஆய்வின் இரண்டு சுற்றுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 2015-16இல் நாட்டில் 78.9 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21இல் அது 88.6 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளோ, முதல் ஆய்வில் 41.6 விழுக்காடு, அடுத்த ஆய்வில் 41.8 விழுக்காடு. பத்து விழுக்காட்டுத் தாய்மார்கள் கூடுதலாக மருத்துவமனைக்கு வந்தார்கள். முதல் மணி நேரம் அப்படியே நின்றுவிட்டது. அதே காலத்தில் அறுவைப் பிரசவம் 17.2 விழுக்காட்டிலிருந்து 21.5 ஆயிற்று, தனியார் மருத்துவமனைகளில் அது 47.4 விழுக்காடு. அறுவைக்குப் பிறகும் முதல் மணியில் பாலூட்ட முடியும். ஆனால் தாயின் அருகில் அமர்ந்து, குழந்தையை மார்பில் சரியாகப் பொருத்திக் காட்டும் செவிலியர் ஒருவர் அதற்கு வேண்டும். ஒரே செவிலியர் ஒரு கூடம் முழுவதையும் பார்க்கும் இடத்தில் அது நடவாது. கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் உண்டு. மனித நேரத்துக்குப் பணம் இல்லை. இங்கும் நேரமே சிக்கலாக இருக்கிறது.

வீடு திரும்பிய பிறகு வருபவர் ஆஷா ஊழியர். மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு, 42 நாள்களுக்குள் ஆறு முறை அவர் செல்ல வேண்டும் என்பது திட்டம். பாலூட்டலைக் கவனிப்பது, எடை பார்ப்பது, ஆபத்தான அறிகுறிகளைக் கண்டறிவது எல்லாம் அவர் பொறுப்பு. இதற்கென்று நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை 250 ரூபாய். ஒரு வருகைக்கு 42 ரூபாய்கூடத் தேறாது. அவரைத் தொழிலாளி என்று அழைக்க அரசு மறுக்கிறது, "தன்னார்வலர்" என்கிறது. ஆஷா ஊழியரின் ஊதியக் கோரிக்கையும் கைக்குழந்தையின் பாலும் ஒரே கோரிக்கையின் இரு முகங்கள் என்பதை நம் தொழிற்சங்கத் தோழர்கள் மேடைகளில் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

அடுத்து, சட்டம். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று நலன் மசோதா விவாதத்துக்கு வந்தபோது, அதை ஆதரித்துப் பேசியவர்களுள் அண்ணல் அம்பேத்கரும் ஒருவர். இந்தச் செலவில் பெரும்பகுதியை ஏற்க வேண்டியது அரசே என்பது அவர் கருத்து. மக்களின் நலனைக் காப்பது முதன்மையாக அரசின் கடமை என்று அவர் வாதிட்டார். மறு ஆண்டே அச்சட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப் பின் 1961இல் நாடு முழுமைக்குமான மகப்பேற்று நலன் சட்டம் வந்தது. 2017 திருத்தம் 12 வார விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. நாள்தோறும் நான்கு முறை தாய் அங்கே சென்று வரலாம் என்றது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் என்பது 1961ஆம் ஆண்டிலிருந்தே உள்ள உரிமை. இவ்விதிகள் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுசெல்லப்பட்டிருக்கின்றன.

இங்கே ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் தோழர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஆலையில் பாலூட்டும் இடைவேளையைக் கேட்டுப் பெற்ற பெண் ஒருவரையாவது கண்டிருக்கிறீர்களா? ஒரு மணி நேரத்தில் இத்தனை உருப்படி என்று இலக்கு வைத்திருக்கும் தையல் வரிசையில், ஒருத்தி எழுந்து சென்றால் வரிசை நிற்கும். ஆலை வாசலில் காப்பகம் இருந்தாலும், நெரிசல் மிகுந்த பேருந்திலும் ஆலை வேனிலும் கைக்குழந்தையைக் கொண்டுவருவது எப்படி? ஏட்டில் காப்பகம் உண்டு. வேலையின் வேகமும் பயணமும் அதை வெறும் அறையாக ஆக்கிவிடுகின்றன. வேலை இலக்கைக் குறைக்கும் கோரிக்கையோடு இணைத்துக் கேட்டாலன்றிப் பாலூட்டும் இடைவேளை நடைமுறைக்கு வராது.

அமைப்புசாராத் தொழிலாளரின் நிலை இதனினும் கீழே. வீட்டுவேலை செய்யும் பெண், கட்டுமானத்தில் சித்தாள் வேலை செய்யும் பெண், தெருவில் பூக்கட்டி விற்கும் பெண் ஆகியோருக்கு 26 வாரம் என்பது காதில் விழும் செய்தி மட்டுமே. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்றது. அதை நிறைவேற்ற வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று வரையறுத்தது. ஆறு மாதம் பால் மட்டும் கொடுக்க வேண்டுமென்றால் ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். 5,000 ரூபாயை 180 நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 28 ரூபாய்கூட வராது. அந்தப் பணத்தில் அவள் எதை உண்டு பாலூட்டுவாள்?

விடுப்பு முடிந்த பின்னர் என்ன நடக்கிறது? 26 வார விடுப்பு பெற்ற தாய், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகுமுன் வேலைக்குத் திரும்புகிறாள். அங்கன்வாடியில் குழந்தையை விட்டுச்செல்ல மூன்று வயது ஆக வேண்டும். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளுக்கு இந்த நாட்டில் ஏழைக் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளப் பொது ஏற்பாடு இல்லை என்று சொல்லுமளவுக்கு, அரசுக் காப்பகங்கள் சொற்பம். அந்த இடைவெளியைப் பாட்டி நிரப்புகிறாள். பாட்டி ஊரில் இருந்தால் பள்ளிக்குப் போகாத மூத்த பெண்பிள்ளை நிரப்புகிறாள். யாரும் இல்லையென்றால் தாய் வேலையை விடுகிறாள்.

இந்த இடைவெளியில்தான் மாவுப்பால் நிறுவனங்கள் நுழைகின்றன. ஏழை நாடுகளில் அவற்றின் விற்பனை முறைகளை எதிர்த்து, 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981இல் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. அன்று அதை எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு, ரீகனின் அமெரிக்கா. இந்தியா 1992இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 2003இல் அதை மேலும் இறுக்கியது. அதன்படி இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி தரக் கூடாது. டப்பாவில் குழந்தையின் படம் கூடாது. மருத்துவர் மாநாடுகளுக்கு அந்நிறுவனங்கள் பணம் கொடுக்கக் கூடாது. உங்கள் பகுதி மருத்துவமனையில் இவை மீறப்பட்டால் அது குற்றம் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

ஆனால் தோழர்களே, நிறுவனத்தின் மீதான சினம் தாயின் மீது திரும்பக் கூடாது. பால் சுரக்காமல் தவிக்கும் தாயும் உண்டு; நோயினால் கொடுக்க இயலாதவளும் உண்டு; வேலைக்குப் போக வேண்டிய கட்டாயத்தால் மாவுப்பாலுக்கு வந்தவளும் உண்டு. அவளிடம் போய்த் தாய்ப்பாலின் மேன்மையைச் சொற்பொழிவாற்றுவது கொடுமை. மருத்துவர் சொன்ன அளவில், கொதிக்கவைத்த நீரில், சுத்தமான கிண்ணத்திலும் கரண்டியிலும் அதை ஊட்ட உதவுவதே தோழமை. டப்பா விலை உயர்ந்தது என்பதால் பலர் மாவைக் குறைத்து நீரைக் கூட்டுகிறார்கள். குழந்தை நலிவதற்கு அதுவே காரணமாகிறது.

நான் கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பவள். "மெடர்னிட்டி லீவ்" என்பதை "மகப்பேறு விடுப்பு" என்றே பல்லாண்டுகளாக எழுதிவருகிறேன். வழக்கில் உள்ள சொல் அதுவே. ஆனால் அந்த "விடுப்பு" என்ற சொல், வேலையிலிருந்து விடுபட்டு ஓய்ந்திருக்கும் காலம் என்ற பொருளைத் தந்துவிடுகிறது. நாளொன்றுக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் என்று கணக்கிட்டால் பாலூட்ட மட்டும் ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதற்கு நிறுத்தம் இல்லை. இது வேலை. நாளைய தொழிலாளியை உருவாக்கும் இந்த வேலைக்கு மூலதனம் கூலி தருவதில்லை. விளைச்சலை மட்டும் பதினெட்டு ஆண்டு கழித்து ஆலை வாசலில் பெற்றுக்கொள்கிறது.

தமிழ் மரபு இதை ஒருத்தியின் வேலையாக எண்ணியதில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்றை உறங்கவைப்பதற்கென்றே ஒதுக்கினார்கள் நம் புலவர்கள்; தால் என்பது நாக்கு, அதை அசைத்துப் பாடுவது தாலாட்டு. நாட்டுப்புறத் தாலாட்டுகளைக் கேளுங்கள். மாமன், அத்தை, பாட்டன், பாட்டி என்று ஓர் உறவுக் கூட்டமே அவற்றில் வந்து நிற்கும். பழைய கூட்டுக் குடும்பத்தை நான் போற்றவில்லை. மருமகளின் உழைப்பைச் சுரண்டியதும் அதே குடும்பந்தான். பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் இந்நகரத் தொழிலாளியின் மனைவிக்கு அந்தக் கூட்டமும் இல்லை என்பதையே சுட்டுகிறேன். பழைய குடும்பத்துக்குத் திரும்பிப் போவது தீர்வாகாது. பெண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் ஆகாது. பெண்கள் சமூக உற்பத்திக்குள் வருவது உயர்ந்ததொரு குடும்ப வடிவத்துக்கு அடித்தளம் இடுகிறது என்று அதே "மூலதனம்" நூலில் மார்க்ஸ் காட்டியிருக்கிறார். அந்த அடித்தளத்தின் மேல் எழுப்ப வேண்டிய சுவர்களுள் ஒன்று, நம் கிளை.

ஆகவே கிளைகள் உடனே தொடங்கக்கூடிய சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, தோழர் ஒருவரின் வீட்டில் குழந்தை பிறந்தால், முதல் ஆறு வாரங்களுக்குத் தந்தையான தோழருக்கு இரவுக் கூட்டமும் வெளியூர்ப் பணியும் தரக் கூடாது. மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. சட்டம் வருவதற்கு முன் கட்சி அதைத் தன் உறுப்பினருக்கு வழங்கலாம்.

இரண்டாவது, அந்த ஆறு வாரத்தில் அவர் செய்ய வேண்டியவை: தாய் பாலூட்டியதும் குழந்தையை வாங்கி, தோளில் போட்டுத் தட்டி, துணி மாற்றி, உறங்கவைப்பது அவர் பணி. பால் மட்டுமே தாயால் ஆவது. மற்ற எல்லாம் இருவராலும் ஆகும். தாய்க்கு நான்கு மணி நேரத் தொடர் உறக்கம் கிடைப்பது, எந்தப் பத்திய உணவுக்கும் குறைந்ததன்று.

மூன்றாவது, பக்கத்திலுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் முறைவைத்து ஒரு வேளைச் சமையலை ஏற்றுக்கொள்ளட்டும். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் தின்பண்டத்தோடு வர வேண்டியதில்லை. பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் போகட்டும்.

நான்காவது, இரண்டு வாரத்துக்கு மேலும் தாய் எதிலும் பிடிப்பின்றி, அழுகையோடும் உறக்கமின்றியும் இருந்தால் அதைப் பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவம் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றியோ குழந்தையை என்னவாவது செய்துவிடுவோமோ என்ற அச்சம் பற்றியோ அவள் பேசினால், இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஐந்தாவது, தாயான தோழர் கூட்டத்துக்கு வர விரும்பினால், கூட்டம் அவர் வீட்டருகில், பகலில் நடக்கட்டும். குழந்தை அழுதால் கூட்டம் நிற்காது. பாலூட்டிக்கொண்டே பேசுபவரின் பேச்சை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கும் பண்பை ஆண் தோழர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

ஆறாவது, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் எத்தனை ஆலைகளில் காப்பகம் இயங்குகிறது, பாலூட்டும் இடைவேளை கொடுக்கப்படுகிறதா, அங்கன்வாடியோடு இணைந்த காப்பகம் எத்தனை என்று கணக்கெடுத்துத் தரட்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் கோரிக்கை மனு வெறும் முழக்கமாக நில்லாது.

இறுதியாக ஒன்று. நம் வேலைத் திட்டத்தில் எட்டு மணி நேர வேலை என்று எழுதியிருக்கிறோம். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேர ஓய்வு என்ற அந்தப் பழைய முழக்கத்தில், இரவு இரண்டு மணிக்குப் பாலூட்டுகிறவளின் நேரம் எந்த எட்டில் சேரும் என்று நாம் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் கட்சியாக நாம் மாறினால், ஈராண்டு கழித்துப் புதுப்பிக்கப்படாமல் போகும் உறுப்பினர் பதிவுகள் குறையும். அடுத்த கிளை மாநாட்டு அறிக்கையில், தாயான தோழர்கள் எத்தனை பேர், அவர்களில் பணிக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு எண்களைச் சேர்த்து எழுதுமாறு கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.